ஒன் பாயின்ட் எயிட் ஆசாமி

தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வங்கியிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ உத்தியோகம், முன்நெற்றி லேசாக ஏறத் தொடங்கிய வயது, போனஸ் வந்த வாரம். கேமரா வாங்கிவிடுவார். முதல் மாதம் செம்பருத்தி, காக்கை, மெரினாவில் சூரியோதயம். யாருக்கும் உபத்திரவம் இல்லை. பிறகு ஐம்பது எம்.எம். 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, "இனிமே முகங்கள்தான்" என்று அறிவிப்பார். அன்று முதல் வீட்டில் யாரும் ஜன்னல் பக்கம் ஒதுங்க முடியாது.

"இங்க வா, லைட் அபாரமா இருக்கு."

"அடுப்புல ரசம் இருக்கு."

"ரெண்டே நிமிஷம். கேமராவைப் பார்க்காதே. இயல்பா இரு."

இயல்பாக இருக்க விட்டிருந்தால் அந்த அம்மாள் ரசத்தை இறக்கப் போயிருப்பார். ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். படத்தில் மூக்குத்தி மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கும். அந்தக் கல்லில் ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணலாம். கண்கள் இரண்டும் பனிமூட்டம்.

காரணம் அந்த 1.8. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதற்கான எண் அது. எண் சிறிதானால் துவாரம் பெரிது. முழுக்கத் திறந்து வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழுவது முன்பின்னாக இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துபோகும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சுருக்கி வைப்பார்கள். நம்மவர் மாட்டார். 1.8 வாங்கிவிட்டு 4-இல் எடுப்பதா? கொடுத்த காசு என்னாவது?

படம் இருட்டாக விழுந்தால் "பி.சி.ஸ்ரீராம் லைட்டிங்" என்பார். 1987-இல் ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்து வந்த நாயகன் படத்தில் இருட்டு இருந்தது வாஸ்தவம். அந்த இருட்டில் எந்தக் கன்னத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார். நம்மவர் கூடத்து இருட்டு, டியூப்லைட் போனதால் வந்தது.

அடுத்து அகப்பட்டவர் பெரியப்பா. 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ் என்ற புகைப்படக்காரர், சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று எடுத்துவிட்டு, அவர் முறைத்த கணத்தில் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. இதை யூடியூபில் பார்த்துவிட்டு வந்தார் நம்மவர். பெரியப்பாவிடம் சுருட்டு கிடையாது. காலைக் காபி இருந்தது. முதல் வாய்க்கு உயர்த்திய டம்ளரைப் பிடுங்கினார். முறைப்பு என்றால் அதுதான் முறைப்பு, சர்ச்சில் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் லென்ஸ் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்ததில், கடைசியில் அகப்பட்டது நாற்காலி முதுகு. பெரியப்பா அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போயாயிற்று.

பாட்டி மட்டும் ஒத்துழைப்பார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று காலமெல்லாம் ஓடியவர், இப்போது தானே நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார். "பெரிசு பண்ணி ஃபிரேம் போட்டு வைடா. அப்புறம் அந்த நேரத்துல ஆளாளுக்குத் தேடிண்டிருக்க வேண்டாம்."

கேமராப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே வீடு காலியாகிவிடும் நிலை வந்ததும், ஓடாத முகம் ஒன்றே ஒன்று பாக்கி: சொந்த முகம். இதற்கும் பரம்பரை சொல்வார். 1839-இல் பிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் தன்னைத்தானே எடுத்துக்கொண்டாராம். ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் ராம்சிங் விதவிதமான வேஷத்தில் எடுத்துக்கொண்டாராம். சிகாகோவில் ஆயா வேலை பார்த்த விவியன் மையர் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் தன்னையே பிடித்தாராம். அடுத்த பெயரைச் சொல்லாமல் அடக்கமாக நிறுத்திக்கொள்வார்.

இதில் ஒரு சங்கடம். எடுக்க வேண்டிய ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது ஃபோகஸ் எதில் வைப்பது? நாற்காலியில் ஒட்டடைக் கம்பைச் சார்த்தி, தன் உயரத்துக்கு ஒரு தொப்பியும் மாட்டி, அதில் ஃபோகஸ் வைத்துப் பூட்டுவார். டைமரை அழுத்துவார். பத்து விநாடி. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம். முதல் படத்தில் முதுகு. இரண்டாவதில் உட்காரும் பாதியில் பிருஷ்டம். மூன்றாவதில் கம்பை எடுக்க மறந்து அதன் மேலேயே உட்கார்ந்தது. இத்தனைக்கும் நடுவில் துல்லியமாக விழுந்தது அந்தத் தொப்பிதான்.

ஒருவழியாக உட்கார்ந்துவிட்டாலும் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மடியில் வைத்தால் பஞ்சாயத்து, கட்டிக்கொண்டால் ஹெட்மாஸ்டர், மோவாயில் ஊன்றினால் மாத நாவல் எழுத்தாளர். "இயல்பா இரு, இயல்பா இரு" என்று தனக்கே உத்தரவு போட்டுக்கொள்ள, முகம் பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவர் மாதிரி ஆகும். போதாததற்கு, இத்தனை வருஷமும் கண்ணாடியில் பார்த்த வகிடு படத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும். "இது நானே இல்லை, லென்ஸில் ஏதோ கோளாறு" என்று கடைக்குப் போன் போடுவார்.

இந்த நேரத்தில்தான் மாடி வீட்டு மாமி வந்தார்.

"ஏம்ப்பா, பாஸ்போர்ட்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடேன். பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம். ரெண்டு காதும் தெரியணுமாம்."

"காதா?" நம்மவர் பதறினார். அவருடைய கலையில் காதுக்கு இடமே கிடையாது. ஆனாலும் மாமியை மறுக்க முடியுமா? வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்து, டி.வி. பெட்டியோடு வந்த தெர்மகோல் பலகையை மடியில் கொடுத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு டயலை 8-க்குத் திருப்பினார். ஒரே கிளிக். பொட்டு, கண், தோடு, காது எல்லாம் அச்சு அசலாக விழுந்தது.

"எட்டு காப்பி போட்டுடு" என்றார் மாமி.

நம்மவர் அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போடவில்லை, போடவும் மாட்டார். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஈரத்தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டையோடு பக்கத்து ஃபிளாட் சார் நம்மவர் வாசலில் வந்து நின்றார். கையில் அப்ளிகேஷன் ஃபாரம். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும்.