மணி முதல்ல, மாடி அப்புறம்

வா மாப்பிள்ளை, உட்காரு. ஜாசின்ல மூணு மாடி எழுப்புற. மார்பிள் பார்த்தாச்சு, ஆட்டோ கேட் பார்த்தாச்சு, இப்பத்தான் பெல்லு ஞாபகம் வந்துச்சா? மலாக்கா டவுன்ல டச்சுக்காரன் கட்டின சிவப்புச் சர்ச் இருக்கே, அது முடிஞ்சது 1753ல. அதோட மணியில 1698னு பொறிச்சிருக்கு. கட்டடத்துக்கு மணி 55 வருஷம் மூத்தது. நீ என்னடான்னா பால் காய்ச்சத் தேதி குறிச்சிட்டு மணி தேடுற.

எங்கப்பா இருந்த எஸ்டேட் லயத்துல இந்தத் தொல்லை இல்ல. விடியுமுன்னே பெரட்டு மணி ஒன்னு அடிச்சா மொத்த லயமும் எந்திரிக்கும். வாசல்ல எவனாச்சும் இருமினா நாலாவது வீட்டுக் கிழவி "யாருப்பா அது?"ம்பா. அதுதான்யா கம்பியில்லா பெல்லு, பேட்டரியும் கேட்காது.

நீ வாங்கப்போற கம்பியில்லாத பெல்லுக்கு டப்பாவுல 100 மீட்டர்னு போட்டிருப்பான். அவன் அளந்தது வெட்டவெளியில. உன் வீட்ல தளத்துக்குத் தளம் கான்கிரீட்டு, உள்ளே பூரா இரும்பு. சிக்னலுக்கு மாடி ஏறவே மூச்சு வாங்கும்.

போன்ல முகம் காட்டுற பெல்லா? இடி இடிச்சா முதல் வேலையா மோடத்தைக் கழட்டி வைக்கிற ஊரு நம்மளுது. மோடம் போனா பெல்லும் ஊமை.

சுவர் இன்னும் பூசலதானே? கேட்லேருந்து மேல்மாடி வரைக்கும் குழாய் பதிச்சு கம்பி இழுத்துடு. பட்டன் ஒன்னு, மாடிக்கு ஒரு மணி. எல்லாத்தையும் பேரலலா சேர்க்கச் சொல்லு. ஒன்னு செத்தாலும் மத்தது பேசும். மழையில நனையிற பட்டனுக்கு 240 வோல்ட் கொடுத்துடாதே, கூரியர் பையன் பாவம். டிரான்ஸ்பார்மர் வச்சுக் குறைச்சு அனுப்பு. அங்கே கஞ்சத்தனம் பண்ணி மெல்லிசுக் கம்பி போட்டியோ, மேல்மாடி மணி டிங் டாங்குன்னு அடிக்காது, சளி பிடிச்ச மாதிரி உறுமும்.

மூணு மாடியில மணி அடிச்சாலும் இறங்கி வரப்போறவன் நீ இல்ல, அது எனக்குத் தெரியும். கதவைத் திறக்கப்போறது என் தங்கச்சிதான். அதனால முதல் மணியை அடுப்படியில மாட்டு.

எனக்கு எந்த மணியும் வேணாம். நான் கேட்டுல நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்துவேன், தெருவே திறக்கும். பால் காய்ச்சுற அன்னைக்கு எத்தனை மணிக்கு வரணும்? அதை மட்டும் சொல்லு.