(கோபத்துடன்): மாடம்பாக்கம் வகுப்பறைகளில் அடைப்புக்குறி வாசிப்பு மரபு

தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் மேடையைப் பார்த்தார்கள், பெஞ்சைப் பார்க்கவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு. எல்லை: வடக்கே சேலையூர், தெற்கே மாடம்பாக்கம் ஏரி. காலம்: மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பாடவேளை.

இவ்வட்டாரத்தின் நாடக உரிமையை முதலில் நிறுவுவோம். ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கிய சம்பந்த முதலியாரின் பம்மல், 2021 முதல் மாடம்பாக்கத்தோடு ஒரே மாநகராட்சி. ஆகவே டென்மார்க் இளவரசரும் நாமும் ஒரே அலுவலகத்தில்தான் சொத்துவரி கட்டுகிறோம். ‘நாடகவியல்’ எழுதிய பரிதிமாற் கலைஞர் கற்பித்த கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. அதற்கு 34 ஆண்டுகள் முன்பே அவர் காலமாகிவிட்டார் என்பது ஆய்வைப் பாதிக்காது. அதே கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர், லியர் மன்னனையும் இந்திய அரசியலையும் முடிச்சுப்போட்டு 1900இல் ஒரு நூலே எழுதினார். இது நம் கற்பனை அல்ல. அசல் அறிஞர்களோடு போட்டி போடுவது போலிகளுக்குக் கடினம்.

இனி வகுப்பில் நாடகத்தை உரக்க வாசிப்போர் வகை.

விழுங்கிகள்: காதில் விழாததால் தரவு இல்லை.

நடிகர்கள்: வகுப்புக்கு ஒருவர்; முதல் வசனத்திலேயே சிரிப்பொலியில் அழிந்த இனம்.

லாம்ப் மரபினர்: ஆங்கிலப் பாடத்தில் ஷேக்ஸ்பியரைச் சந்தித்தவர்கள். சார்லஸ், மேரி லாம்ப் 1807இலேயே நாடகங்களைக் கதையாக்கிவிட்டதால் இவர்களிடம் அடைப்புக்குறியே இல்லை. விடுக.

அடைப்புக்குறியினர்: இவர்களே நம் பொருள். ‘மனோன்மணீயம்’ (1891) 5 அங்கம், 20 களம் கொண்டது. நடிக்க அல்ல, படிக்கவே சுந்தரம் பிள்ளை எழுதியது. அந்த நோக்கத்தை முழுமையாக மதித்தவர்கள் இவர்கள் மட்டுமே. பாண்டிய மன்னன் சீவகன் வாய் திறக்குமுன் “கோபத்துடன்” என்று ஒரு கோபமும் இல்லாமல் அறிவிப்பார்கள். அவன் அமைச்சன் குடிலன் தன்னந்தனியே சதி யோசிக்கும் இடத்தில் “தனிமொழி!” என்று பக்கத்து வகுப்புக்கும் கேட்கக் கூவுவார்கள். “போகிறான்” என்று வாசித்தபின் உட்காருவதா, வெளியே போவதா என்று ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள்.

இவ்வழக்கம் ஏன் தோன்றியது? அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு (அறிஞர் என்போர் நாமே).

அ. மதிப்பெண் கோட்பாடு. அச்சில் இருப்பதெல்லாம் தேர்வில் வரும். (காண்க: கடைசி பெஞ்சு, இடப்பக்கம்.)

ஆ. விமானக் கோட்பாடு. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போகும்போது பாண்டிய நாடே ஊமையாகும். ஓசை அடங்கியதும் விட்ட இடம் தெரியாது. கண்ணுக்குத் தட்டுப்படும் அடைப்புக்குறியே கரை. (காண்க: மேற்படி பெஞ்சு, அடிப்பலகை, காம்பஸ் முனைப் பொறிப்பு, அம்பு தைத்த இதயத்துக்குக் கீழ் 2ஆம் வரி. ‘குடிலன்’ எனத் தொடங்கும் இவ்வரி, ஓர் ஆசிரியரின் பட்டப்பெயரை நெருங்குகையில் சூயிங்கம் படிவால் சிதைந்துள்ளது. மூலபாடத்தை மீட்க ஸ்கேலால் சுரண்டியதில் இன்னொரு பட்டப்பெயர் வெளிப்பட்டது. இது முந்தைய தலைமுறை ஆசிரியருடையது ஆகலாம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளோடு எழுத்தமைதியை ஒப்பிட்டதில், சோழர் கையெழுத்து மேல் என்பது உறுதியாயிற்று. விரிவுக்குக் காண்க: அதே பெஞ்சின் வலக்கால், அது இப்போது வேறொரு பெஞ்சில் உள்ளது.)

முழு நாடகத்தையும் யாரும் படித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. “இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக” என்ற கேள்விக்கு யார், யாரிடம், எப்போது சொன்னது என்று மூன்று வரி எழுதினால் போதும்; கதை முடிவில் யார் பிழைத்தார் என்பது கோனார் நோட்ஸின் பொறுப்பு. இம்முறையை மேலும் வளர்த்து, நூலின் முன்னுரையிலிருந்து மட்டும் மேற்கோள் எடுத்து முனைவரானோர் உண்டு. அவர்களும் நம் பெஞ்சு மரபினரே.

இரண்டாம் தொகுதிக்கான களப்பணி தொடர்கிறது. ஆகவே பள்ளி நிர்வாகங்கள் இக்கோடை விடுமுறையில் பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.