கடைமடைக்குச் சுறாத்தோல்

கேள்வி: சுறாத்தோல் மாதிரி ஒரு படலத்தை விமானத்தில் ஒட்டி எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்களாமே! எங்கள் வாய்க்காலிலும் ஒட்டினால் மேட்டூர்த் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடாதா?
– ஒரு கடைமடை விவசாயி, பேராவூரணி

பதில்: வராதுங்க. அந்தப் படலத்தில் உள்ள வரிகள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். உங்கள் வாய்க்கால் வண்டல் முதல் நாளே மூடிவிடும். லுஃப்தான்சா டெக்னிக் போயிங் 777-இல் ஒட்டும் 'ஏரோஷார்க்' மிச்சம் பிடிப்பதே சுமார் 1 சதவீதம். அதற்குப் பதில் வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையை அள்ளிப் போடலாம். (யார் அள்ளுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

ஆனால் இந்தச் சரக்கு உங்கள் வயலிலேயே இருக்கிறது. காலையில் நெல்லிலையைப் பாருங்கள். பனித்துளி நீளவாக்கில் சட்டென்று உருண்டு போகும், குறுக்கே போக மட்டும் முரண்டு பிடிக்கும். நீள வரிகள், அவற்றின் மேல் மெழுகு பூசிய நுண்ணிய முடிச்சுகள்: சுறாவின் வரியும் தாமரை இலையின் ஒட்டாத குணமும் ஒரே இலையில்! ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெகரி பிக்ஸ்லரும் பரத் பூஷணும் நெல்லிலையை அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் வார்த்து, அதன்மேல் நீரை ஓட்டிப் பார்த்தார்கள். இழுவை குறைந்தது. 2012-இல் கட்டுரையும் எழுதிவிட்டார்கள்.

வேப்பெண்ணெய் தெளித்தால் வழுக்கிப் போகிறதென்று காதி சோப்பைக் கரைத்துக் கலக்குகிறீர்களே, அது இதே வரிகளோடும் மெழுகோடும் மல்லுக்கட்டத்தான். அவர்கள் ஒட்டாமலிருக்க ஆய்வுக்கூடம் கட்டுகிறார்கள். நீங்கள் ஒட்டவைக்கச் சோப்பு வாங்குகிறீர்கள்!