லாபு வட்டாரக் குடும்பச் செலவில் முன்னுரிமை: 555 சுவடியை முன்வைத்து ஓர் ஆய்வு

சம்பளம் கைக்கு வந்ததும் எதற்கு முதலில் ஒதுக்குவது என்பதை லாபுத் தோட்டத்தார் இதுவரை ஆராய்ந்ததில்லை, செலவழித்தே வந்திருக்கிறார்கள். அக்குறை இன்றோடு நீங்குகிறது.

முன்னோரை ஒரே பத்தியில் தள்ளிவிடுவது மரபு. எர்ன்ஸ்ட் ஏங்கல் (மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வேறு) 1857-இல், வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுச் செலவின் பங்கு கூடும் என்றார். பெல்ஜியக் குடும்பங்களின் கணக்கைப் புரட்டாமலே எங்கள் லயத்துக் கிழவிகள் இதைச் சொல்லியிருப்பார்கள். எலிசபெத் வாரனும் மகளும் 2005-இல் எழுதிய நூல், கையில் வருவதில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு என்று பங்கு பிரித்தது. வரவு சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்று 478-ஆம் குறளில் வள்ளுவர் ஏழே சீரில் முடித்தார். அவருக்கு இக்காலத்தில் முனைவர் பட்டம் கிடைக்காது.

வரவு: 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, ஊழியர் சேமநிதிக்குப் போய்விடும். ஆக, சேமிப்புக்கே முதலிடம். நம் ஆளைக் கேட்டுவிட்டுப் பிடித்தால் அதுவும் நடக்காது.

மின்சாரம்: கட்டாவிட்டால் வெட்டிவிடுவார்கள். ஆய்வுக்கு இடமில்லை.

மொய்: போன வருஷம் அவர்கள் வைத்தது நம் நோட்டில் இருக்கிறது. தேவையா ஆசையா என்பதை வாரன் அம்மையார்தான் வந்து சொல்ல வேண்டும்.

இனி மையப் பொருள். சட்டைப் பையில் அடங்கும் 555 நோட்டில்தான் கடைக்காரர் பாக்கி எழுதுகிறார். அதில் 'பீர் 2' என்றொரு வரி (555, அட்டை கிழிந்த பிரதி, ப. 9). இது 50-இல் சேருமா, 30-இல் சேருமா?

கணவர் மரபினர் இதைப் பீர்க்கங்காய் என்பர். சொல் கடைக்குறையாய் நின்றது. சங்கப் பாடல்களில் பீர் என்றாலே பீர்க்குதான், தலைவியின் பசலைக்கு அதன் மஞ்சள் பூவைத்தானே உவமை சொன்னார்கள் என்று வாதிடுவர். மனைவி மரபினர், பசலை படர்ந்தது மெய்தான், அது சம்பளம் தீர்ந்த 10-ஆம் தேதி படர்ந்தது என்பர். அடுத்த வரியில் 'ஐஸ் 1, கச்சான் 1' என்றிருப்பதையும் விரல் வைத்துக் காட்டுவர் (மேற்படி, மீன் குழம்புக் கறைக்குச் சற்று மேலே). அவ்வரி இடைச்செருகல் என்பது கணவர் தரப்பு. மை ஒன்றே, பேனா ஒன்றே, கையும் ஒன்றே என்பது மறுப்பு (மேற்படி, ப. 9-இன் பின்புறம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது, கண்ணாடி இரவல்). பீர்க்கங்காயைக் கச்சானோடு ஐஸ் போட்டுச் சமைக்கும் வழக்கம் நெகிரி செம்பிலானில் எங்குமில்லை.

விலை எழுதிய இடத்தில் யாரோ கட்டைவிரலை வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். ரேகை எடுக்க நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.

கடைக்காரரையே கேட்கலாமே என்பார்கள். நூலாசிரியர் உயிரோடிருக்கும்போது அவரிடம் பொருள் கேட்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. தவிர, அதே நோட்டில் 23-ஆம் பக்கம் ஆய்வாளர் பெயரில் இருக்கிறது. பாக்கி தீரும்வரை அந்தக் கடைப் பக்கம் கள ஆய்வுக்குப் போவதற்கில்லை.