பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆசிரியர்

மருத்துவமும் செவிலியமும் படிப்பவர்கள், படிக்க வைப்பவர்கள், அவர்களிடம் சிகிச்சை பெறுபவர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து.

பாடப்புத்தகம் மனப்பாடம். நோயாளி எதிரே போய் நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏன் டாக்டர்?
— மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

நாக்குக்கு இன்னும் யாரும் பாடம் எடுக்கவில்லை, அதனால்தான். தெரிந்துவைத்திருப்பது, எப்படிச் செய்வதென்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, வேலையில் அன்றாடம் செய்வது என்று மருத்துவத் திறமைக்கு நான்கு படிகள் சொன்னார் அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர், 1990-இல். நம் எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது படி ஏற, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பாட்டு வாத்தியாரும் சுருதி திருத்துவதில்லை. நம் வார்டுகளிலோ மாணவி தனியாகப் போய்க் கேஸ் எடுத்து வருகிறாள். ஆசிரியர் அவள் எழுதிக் கொண்டுவந்த தாளைத் திருத்துகிறார். அவள் எப்படிக் கேட்டாள், எங்கே கை வைத்தாள் என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. நாளைக்கே முதுநிலை படிக்கும் ஒரு பி.ஜி.யிடம் போய், "பத்து நிமிஷம் நான் கேஸ் எடுக்கறதப் பாருங்க அக்கா, முடிஞ்சதும் ஒரே ஒரு குறை சொல்லுங்க" என்று கேளுங்கள். பாதி பயம் அன்றே போகும்.

வெளிநாட்டில் நோயாளியாக நடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்களாமே! நம் ஆஸ்பத்திரிகளில் உண்மையான நோயாளிகளே வரிசையில் நிற்கும்போது நடிகர் எதற்கு?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

உண்மையான நோயாளியிடம் "உங்களுக்குப் புற்றுநோய்" என்ற செய்தியைப் பத்து மாணவர்கள் பத்து முறை சொல்லிப் பழக முடியாதே, அதற்குத்தான்.

1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தொடங்கினார். நலமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியின் கதையையும் அறிகுறிகளையும் கற்றுக்கொடுத்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். அன்று பலர் முகம் சுளித்தார்கள். இன்று பல நாடுகளில் அது அன்றாட வகுப்பு. எல்லா மாணவருக்கும் ஒரே கதை கிடைக்கிறது. தப்பாகப் போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசியில் அந்த நடிகர் வேடத்தைக் கழற்றிவிட்டு மாணவரிடம் சொல்வது: "நீங்க என் முகத்தையே பாக்கல. நான் அழுதப்போ ஃபைலப் புரட்டினீங்க." இதை நம் வார்டில் எந்த நோயாளி துணிந்து சொல்வார்?

கேட்பதற்கும் இப்படித்தான் பழக வேண்டும். டாக்டர் குறுக்கிடாமல் நோயாளி பேச முடிவது சராசரியாக 18 விநாடி என்று 1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த 18 விநாடிக்குள் நம்மூர் விவசாயி என்ன சொல்லி முடிப்பார்? "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு டாக்டர்" என்பது வரைதான். அங்கேயே நிறுத்தி மாத்திரை எழுதும் மாணவருக்கும், "நடந்தா கூடுதா ஐயா? கைக்கு இறங்குதா? வேர்த்துக் கொட்டுச்சா?" என்று கேட்கும் மாணவருக்கும் நடுவே ஓர் உயிர் இருக்கிறது.

எனக்கு ஓர் ஆசை. நாடகக் கலைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. மருத்துவக் கல்லூரிகள் அவர்களை முறையான ஊதியத்தோடு அழைக்கட்டும். நீங்களும் வாருங்கள் ஐயா.

பொம்மையில் ஊசி போட்டுப் பழகியவரிடம் என் நரம்பை நம்பிக் கொடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பொம்மையில்கூடப் பழகாதவரிடம் கொடுப்பதைவிடத் தாராளமாகக் கொடுக்கலாம். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சிக்கான பொம்மையை 1960-இல் செய்தவர் நார்வேக்காரரான ஆஸ்மண்ட் லெர்டால். தொழில், விளையாட்டுப் பொம்மை தயாரிப்பு. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். புத்தகத்தில் படித்த எவருக்கும் இந்தக் கணக்கு கையில் வராது. இப்போதைய பொம்மைகள் ஆழம் போதவில்லை என்றால் அந்த நொடியே விளக்கெரித்துக் காட்டுகின்றன. பொம்மையின் விலையைப் பார்த்து அதைப் பூட்டி வைக்கும் ஸ்கில் லேப்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மகன் எம்.பி.பி.எஸ். சேர்ந்து முதல் மாதம் அனாட்டமியே தொடங்கவில்லை. வார்டைச் சுற்றிக் காட்டினார்களாம், முதலுதவியாம், பேச்சுப் பயிற்சியாம். பீஸ் கட்டியது இதற்கா?
— ஒரு தந்தை, சேலம்

இதற்கும் சேர்த்துத்தான். 2019-இல் இந்தியா முழுவதும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்ற கணக்கைவிட மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதே அளவுகோல் ஆனது. தொடக்க அடித்தளப் பயிற்சி, முதலாண்டிலேயே நோயாளியைப் பார்ப்பது, நடத்தை, அறநெறி, உரையாடல் மூன்றுக்கும் தனிப்பாடம் எல்லாம் அதில் வந்தவை. முன்பு நோயாளி முகத்தைப் பார்க்காமலேயே உடற்கூறும் உயிர்வேதியியலும் படித்து முடித்தோம். எதற்குப் படிக்கிறோம் என்பதே பிறகுதான் விளங்கும்.

திட்டம் நல்லது. நடப்பது எல்லா இடத்திலும் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு திறமையையும் ஆசிரியர் கண்ணால் பார்த்தபின் கையெழுத்திட வேண்டிய லாக்புக்கில், தேர்வுக்கு முந்தின வாரம் மொத்தமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். மகனிடம் கேளுங்கள்: "உன் லாக்புக்ல இருக்கற கையெழுத்துல எத்தனை, நீ செய்யறதப் பாத்துப் போட்டது?"

வைவாவில் எக்ஸாமினருக்கு மூடு சரியில்லை என்றால் எங்கள் கதை முடிந்தது. விமோசனம் உண்டா?
— இறுதியாண்டு மாணவர், கோவை

50 ஆண்டுகளாக உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் வெளியிட்ட ஆஸ்கி முறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, சில நிமிடம். மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல், மேசைக்கு மேசை வேறு எக்ஸாமினர். ஒருவரின் கோபம் உங்கள் முழு மதிப்பெண்ணைத் தொடாது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு: பட்டியலை உருப்போட்டு, நோயாளி முகத்தைப் பார்க்காமல் "வணக்கம், என் பெயர்" என்று ஒப்பிக்கும் மாணவர்களும் தேறிவிடுகிறார்கள். அதனால் ஒரே நோயாளியை முழுமையாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸை ஒரேயடியாகத் தூக்கி எறிய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஃபார்மகாலஜி நாலு தடவை வாசித்தும் நிற்கவில்லை.
— இரண்டாம் ஆண்டு மாணவி, வேலூர்

ஐந்தாம் தடவை வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, படித்ததும் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. நோயாளி ஐந்து வருடம் கழித்து வருவார்.

கணினித் திரையில் முப்பரிமாண உடல் வந்துவிட்டது. இனி உடல்தானம் தேவையா?
— உடல்தானத்துக்குப் பதிந்தவர், புதுச்சேரி

தேவை அம்மா. பதிவை ரத்து செய்யாதீர்கள். திரையில் உள்ள உடலைத் தப்பாக வெட்டினால் ஒரு பொத்தானில் சரியாகிவிடும். அதனால் பாதையைப் பார்த்துவைக்க அது நல்ல கருவி. ஆனால் ஒரு மனிதரின் ரத்தக்குழாய் புத்தகத்தில் சொன்ன இடத்தில் இல்லாமல் வேறு வழியாக ஓடுவதை விரலால் தேடிக் கண்டுபிடிப்பது டிஸெக்‌ஷன் ஹாலில்தான்.

இந்த விஷயத்தில் நாம் கற்க வேண்டியது தைவானிடம். ஹுவாலியன் நகரிலுள்ள சூ ச்சி பல்கலைக்கழகத்தில் உடல்தானம் செய்தவரை 'மௌன ஆசிரியர்' என்று அழைக்கிறார்கள். வகுப்புக்கு முன் மாணவர்கள் அவர் குடும்பத்தைச் சந்திக்கிறார்கள். என்ன வேலை பார்த்தார், எதற்கு ஆசைப்பட்டார், எப்படி இறந்தார் என்று கேட்டு அவர் வாழ்க்கையை எழுதுகிறார்கள். பாடம் முடிந்ததும் வெட்டியதையெல்லாம் தைத்து, உடுத்திவிட்டு, குடும்பத்தாரோடு சேர்ந்து இறுதிச்சடங்குக்கு எடுத்துச் செல்கிறார்கள். இங்கும் பல கல்லூரிகளில் முதல் நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள், மகிழ்ச்சி. குடும்பத்தைச் சந்திக்கும் ஏற்பாடும் வரட்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சம்மதமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 பேர். ஒவ்வொருவரையும் பக்கத்தில் நின்று பார்ப்பது நடக்கிற காரியமா?
— உதவிப் பேராசிரியர், சென்னை

இருக்கும் ஆட்களை வைத்து முழுவதும் நடக்காது. புறநோயாளிக் கூட்டத்தையும் வார்டையும் பார்த்துவிட்டு வகுப்புக்கு ஓடும் உங்களிடம் இதையும் சுமத்த எனக்கு மனமில்லை. ஆனாலும் தொடங்கலாம். ஒரு நோயாளி, ஒரு மாணவர், 15 நிமிடம் பார்ப்பது, ஐந்து நிமிடம் சொல்வது என்ற சிறு மதிப்பீட்டு முறை இதற்காகவே வந்தது. ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பி.ஜி.க்களுக்கும் பார்த்துக் குறை சொல்லும் கலையைக் கற்றுக்கொடுத்தால் கைகள் கூடும். அரசுக்குச் சொல்வது ஒன்று: அடுத்த மெய்நிகர்க் கருவி வாங்கும் முன் காலியான ஆசிரியர் இடங்களை நிரப்புங்கள்.

அவசர நேரத்தில் டாக்டர் உத்தரவு ஒன்று, எங்கள் காதில் விழுவது ஒன்று. திட்டு மட்டும் எங்களுக்கு.
— செவிலியர், மதுரை

சிகிச்சை சேர்ந்து செய்கிறோம். படிப்பதோ தனித்தனிக் கட்டடங்களில். குறை அங்கிருந்து தொடங்குகிறது. செவிலிய மாணவிகளும் மருத்துவ மாணவர்களும் ஒரே பொம்மையைச் சுற்றி நின்று பழகினால், உத்தரவு வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்வதும், "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் கொடுத்தாச்சு" என்று உரக்கச் சொல்வதும் பழக்கமாகிவிடும். "டாக்டர், டோஸ் அதிகமா இருக்கு, மறுபடி பாருங்க" என்று செவிலியர் சொன்னால் நன்றி சொல்லிச் சரிபார்க்கும் டாக்டரும் அந்த வகுப்பில்தான் உருவாவார். அதுவரை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிவிட்டே ஊசியை எடுங்கள் சிஸ்டர்.

செயற்கை நுண்ணறிவு எல்லா நோயையும் கண்டுபிடிக்கும் என்றால் நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?
— முதலாண்டு மாணவர், தூத்துக்குடி

அது தப்பாகச் சொல்லும்போது தப்பென்று தெரிய. முதலில் உங்கள் முடிவை எழுதுங்கள், பிறகு அதனிடம் கேளுங்கள். வரிசையை மாற்றினால் யோசிக்கும் தசை இளைத்துவிடும். நோயாளியின் படத்தையோ பெயரையோ அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?
— தமிழாசிரியை, யாழ்ப்பாணம்

உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறதே! 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை வைத்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றினார். இன்றைய பட்டப்படிப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்ற நூல்களும் ஆட்களும் பெருமளவு வேண்டும். அது நீண்ட வேலை. ஆனால் நோயாளியிடம் சர்க்கரை நோயைப் பற்றி ஐந்து நிமிடம் புரியும்படி தமிழில் பேசுவதை இந்த ஆண்டே ஆஸ்கி தேர்வில் ஒரு மேசையாக வைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் கிராமத்துக்கு மருத்துவ மாணவர்கள் வந்து, "உங்கள் குடும்பத்தைத் தத்தெடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். என்ன இது?
— வாசகி, தர்மபுரி மாவட்டம்

தேசிய மருத்துவ ஆணையத்தின் திட்டம். ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலிருந்து சில குடும்பங்களின் நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வார்டில் பார்த்தால் "மாத்திரை ஒழுங்காகப் போடாத நோயாளி". வீட்டில் பார்த்தால், மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் பெண். இந்த வேறுபாட்டை விரிவுரையில் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அடுப்படி, குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் காட்டுங்கள். அடுத்த முறை எப்போது வருவாய் என்று கேட்டு வையுங்கள்.

அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஆறேழு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வயிற்றை அமுக்கினார்கள். மறுக்க எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, விழுப்புரம்

உண்டு. தன் பெயரையும் எந்த ஆண்டு என்பதையும் சொல்லி, "பாக்கலாமா அம்மா?" என்று கேட்ட பிறகே மாணவர் கை வைக்க வேண்டும். திரை போட வேண்டும். ஆண் மாணவர் என்றால் கூட ஒரு பெண் நிற்க வேண்டும். வலிக்கிறது என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நீங்கள் மறுத்ததால் சிகிச்சையில் எள்ளளவும் குறையக் கூடாது. குறைந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். சம்மதித்தால், போகும்போது அந்த மாணவரைக் கூப்பிட்டு ஒன்று சொல்லுங்கள்: கை சில்லென்று இருந்தது, அவசரப்பட்டார், சொன்னது புரியவில்லை, அல்லது நன்றாகப் பார்த்தார். எதுவானாலும் சரி.