உத்தரவு வந்து நிக்கிற இடம்

ஏம்ப்பா பேராண்டி, ஓசூர் கம்பெனி போர்டுல காயிதம் ஒட்டினா மறுநாளே ஷிப்டு மாறிடுது. அதைப் பார்த்துட்டு உலகத்துல எல்லா உத்தரவும் அப்படித்தான்னு நெனச்சுட்ட. நாட்றாம்பாளையத்துக்காரன் அப்படி நெனைக்கலாமா? பெரிய பெரிய உத்தரவெல்லாம் நம்ம பக்கத்து பிலிகுண்டுலுவுக்குத்தானே வந்து நிக்குது! இக்கரை நம்முது, அக்கரை கர்நாடகா. நடுவுல ஓடுற காவிரியை மத்திய நீர்வள ஆணையம் அங்கதான் அளக்குது. டெல்லியில எவ்வளவு மை செலவானாலும், அதுக்கு அர்த்தம் எத்தனை கனஅடின்னு அந்த அளவுகோல்தான் சொல்லணும்.

கதையைக் கேளு. 1991 ஜூன்ல காவிரி நடுவர் மன்றம், கர்நாடகா தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. விடணும்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ஒரே மாசத்துல கர்நாடக அரசு எதிரா ஒரு அவசரச் சட்டம் போட்டுச்சு. உத்தரவுக்கு மருந்து உத்தரவு! அந்தச் சட்டம் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் நவம்பர்ல சொல்லுச்சு. அப்புறம் 2007 பிப்ரவரியில நடுவர் மன்றத்தோட இறுதித் தீர்ப்பு. அது அரசிதழ்ல ஏறினது 2013 பிப்ரவரியில. காயிதம் நடந்தே கிளம்பியிருந்தாக்கூட நம்மூருக்கு வந்து களி தின்னுட்டு டெல்லிக்குத் திரும்பியிருக்கும்.

2018 பிப்ரவரி 16-ல நடந்தது இன்னும் ஜோர். பிலிகுண்டுலுல 192 டி.எம்.சி. கிடைக்கணும்னு இருந்ததை உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கிட்டு, இதை நடத்த ஆறு வாரத்துல ஒரு ‘ஸ்கீம்’ போடுன்னு மத்திய அரசுக்குச் சொல்லுச்சு. ஆறு வாரமும் ஓடி முடிஞ்சப்புறம் மத்திய அரசு கோர்ட்டுக்குப் போய், ‘ஸ்கீம்’னா என்னன்னு விளக்கம் கேட்டுச்சு! பரீட்சை முடிஞ்சு பேப்பரை வாங்க வந்த வாத்தியார்கிட்ட கேள்விக்கு அர்த்தம் கேட்ட பையன் கணக்கா. ஒருவழியா ஜூன் 1-ல காவிரி மேலாண்மை ஆணையம் பொறந்துச்சு.

அக்கரைக்காரனை ஏசுறேன்னு எடுத்துக்காதே. மாண்டியா விவசாயிக்கும் வயிறு இருக்கு. மழை பொய்ச்ச வருசத்துல டெல்லிக் காயிதத்தைப் பிழிஞ்சா ரெண்டு பக்கமும் சொட்டு வராது.

மழை பெஞ்ச வருசம் 2024-ஐப் பாரு. ஜூலை 11-ல காவிரி ஒழுங்காற்றுக் குழு, கர்நாடகாவை மாசக் கடைசி வரைக்கும் தினம் 1 டி.எம்.சி. விடச் சொல்லுச்சு. நொடிக்கு 11,500 கனஅடிச் சொச்சம். பெங்களூருல எல்லாக் கட்சியும் கூடி, 8,000-தான் முடியும்னு 14-ஆம் தேதி முடிவு பண்ணினாங்க. யார் கை ஓங்கும்னு நாம பார்த்துக்கிட்டிருக்கும்போதே மேலே மழை பிடிச்சுக்கிச்சு. மாசக் கடைசியில லட்சம் கனஅடிக்கு மேல வந்து மேட்டூரு 120 அடியைத் தொட்டுருச்சு. கேட்டவனும் மறுத்தவனும் ஒரே மாதிரி கரையில நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஒகேனக்கல்ல குளிக்காதே, பரிசல் விடாதேன்னு போட்ட உத்தரவு மட்டும் மளமளன்னு நடந்துச்சு. ஆறே பக்கத்துல நின்னு நடத்தி வெச்சா யார் மீறுவாங்க?

ஆத்துக்கு மட்டுமில்ல, காட்டுக்கும் இதே கதைதான். 2022 நவம்பர்ல நம்ம பக்கத்துக் காட்டையெல்லாம் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம்னு அறிவிச்சாங்க. 686 சதுர கிலோமீட்டர். எல்லையைத் தெளிவா எழுதினவங்க, நகலை யானைக்கு அனுப்ப மறந்துட்டாங்க. ராகி கதிர் முத்தினா அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது.

சரி, உன் கதைக்கு வரேன். நம்ம தெருவுக்கு ரோடு போட உத்தரவாயிடுச்சுன்னு செல்போனைத் தூக்கிக் காட்டுற. சந்தோசம். பணம் எந்த நிதியில, எந்த வருசத்துலன்னு உள்ளே ஒரு வரி இருக்கும், முதல்ல அதைப் படி. அடுத்த கிராம சபையில எழுந்து நின்னு, ரோடு யார் வாசல்ல ஆரம்பிச்சு யார் வாசல்ல முடியுது, எத்தனை மீட்டருன்னு கேளு. சொன்னதைத் தீர்மான நோட்டுல எழுத வை. ரோடு போட்டு முடிச்ச அன்னிக்கு டேப்பை எடுத்துக்கிட்டு வா, ஒரு முனையை நான் பிடிச்சுக்கிறேன். நம்ம வீட்டுப் பக்கமா கொஞ்சம் இழுக்க மாட்டேன்னு மட்டும் உத்தரவாதம் தர முடியாது.