நெய்தல் திணையில் வெப்கேம்: சுண்ணாம்புக்குளம் சார்ந்த ஓர் ஆய்வு

நெய்தல் நிலத்துக்கு வெயில் சாயும் வேளையான எற்பாட்டைப் பொழுதாக வகுத்தார் தொல்காப்பியர். இரங்கல் அதன் உரிப்பொருள். இவ்விரண்டும் வீடியோ காலுக்கு அப்படியே பொருந்துவதை உரையாசிரியர் எவரும் சுட்டாதது வியப்பே. சிங்கப்பூரில் வேலை முடிந்து பேரன் கூப்பிடும் இரவு எட்டரை மணி, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள சுண்ணாம்புக்குளத்தில் மாலை ஆறு. "கொரலு வருது, மூஞ்சி தெரியலயேடா!" என்று ஆயா இரங்குகிறாள். திணை உறுதியாயிற்று.

இனி வரலாறு. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தார், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவை வைத்தார்கள். வெப்கேமின் மூதாதை அதுதான். ஆகவே, வீடியோ காலில் ஆயா கேட்கும் முதல் கேள்வி "சாப்ட்டியா?" என்று இருப்பது பாசத்தால் மட்டுமன்று, கருவியின் பரம்பரைக் குணத்தாலும் ஆகும்.

அடுத்தது பார்வைச் சிக்கல். கேமரா மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பேரனின் முகமோ அதற்கு ஒரு சாண் கீழே. ஆயா முகத்தைப் பார்த்தால், அவள் தன் சட்டைப் பொத்தானைப் பார்ப்பதாகப் பேரனுக்குத் தோன்றும். லென்ஸைப் பார்த்தாலோ அவனுக்கு ஆயாவின் கண் கிடைக்கும், அவளுக்குப் பேரன் கிடைக்கமாட்டான். படத்தைச் சிறிதாக்கி லென்ஸுக்கு அடியில் நகர்த்தலாம் என்பர் அறிஞர். "தம்மாத்தூண்டு ஆக்கிட்டா இளைச்சானா பெருத்தானான்னு எப்டிய்யா பாக்கறது?" என்பது ஆயாவின் மறுப்பு. இதற்கு இன்றுவரை விடை இல்லை.

கேமராவுக்குள் அடங்குவோர் இருவர். அறைக்குள் இருப்போர் எண்மர். இங்கே பழவேற்காட்டு மீனவரின் பாடு முறை கைகொடுக்கும். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களை யாரும் வளைத்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறை வைத்து வலை விடும் ஏற்பாடு அது. நாற்காலிக்கும் சீட்டுப் போடலாம். ஆனால் முறை தப்பி வலை விட்டால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும்; முறை தப்பித் தலையை நீட்டும் சித்தியை எந்தப் பஞ்சாயத்து கேட்கும்?

லேப்டாப்பிலேயே பதிந்த கேமராவைவிட வெளிக் கேமரா உயர்ந்தது. கழற்றிச் சன்னல் பக்கம் திருப்பலாம் என்பர். எதிரே ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35க்குச் சந்திரயான்-3 கிளம்பியதே, அதை இப்படிக் காட்டினால் திரையில் தெரிவது வெள்ளையாய் ஒரு புள்ளி. இஸ்ரோவே நேரலை தருகிறது. இந்த வாதம் தள்ளுபடி.

எஞ்சியது ஒளி. வெப்கேம் படம் முழுவதன் வெளிச்சத்தையும் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதுகுக்குப் பின்னால் பளபளப்பு இருந்தால் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். காலையில் கிழக்கே ஏரி மின்னுகிறது. மாலையில் மேற்கு வாசலில் வெயில் சாய்கிறது. ஆயாவின் இரங்கலுக்குக் காரணமான அதே பொழுதே, பேரனுக்கு அவள் முகத்தையும் மறைக்கிறது.

எனவே, ஏரிக்கரை வீட்டார் கணினி மேசையை வடக்குச் சுவரோரம் போடுக. ஏரியும் வாசலும் பக்கவாட்டுக்குப் போய்விடும், முகத்தில் வெளிச்சம் விழும். வாஸ்துக்காரர்களும் வடக்கு பார்த்து உட்காரத்தான் சொல்வார்கள். அவர்கள் காரணம் வேறு. உப்புக்காற்று லென்ஸில் படிந்திருக்கும். கூப்பிடுமுன் மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.